செல்லத்துரை தேர்ந்தெடுத்த பிளக்

ஒரே சாக்குக்குள் இரண்டு தலை. ஒன்று என்னுடையது; மற்றது என் சிநேகிதன் செல்லத்துரையுடையது. வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் வெயில். உள்ளே தவிட்டு நெடி, பெட்ரோல் நெடி, இரண்டு பேர் வேர்வை.

“தெரியுதாலே?”

“ஒண்ணும் தெரியல.”

“கண்ணத் தொறந்து பாரு கிளார்க்கு. இருமாத. நீ இருமுனா தவிடு பறக்குது.”

அவன் விரலால் எதையோ சுண்டினான். ‘டிக்’ என்றது. இருட்டில் கடுகளவு வெளிச்சம் தோன்றி மறைந்தது.

“நீலமா, மஞ்சளா?”

“நீலம்.”

“சத்தியமா?”

“எங்க மாரியம்மன் சத்தியமா நீலம்.”

வெளியிலிருந்து அவன் மனைவி எஸ்தரின் குரல் கேட்டது. “தெருவுல போறவுகள்லாம் நின்னு பாக்காக. சாக்குக்குள்ள என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“சந்தையில ரெண்டு கெடா வாங்கிருக்கோம்னு சொல்லு.”

“நம்புவாக. மணமும் அப்படித்தான் இருக்கு.”

பகல் வெளிச்சத்தில் எஞ்சின் பிளக்கில் தெறிக்கும் தீப்பொறியின் நிறம் தெரியாது. அதற்குத்தான் சாக்கு. நீலமாக, சுருக்கென்று பாய்ந்தால் நல்ல பிளக். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் நம்பக்கூடாது. இப்போது நினைத்தால், அந்தச் சாக்குக்குள் இருந்த நேரம்தான் நாங்கள் மூவருமே கவலையில்லாமல் இருந்த நேரம்.

எலுமிச்சம்பழ எஞ்சின்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும்: நான் செட்டியார்பட்டிக்காரன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது அதற்குக் கொஞ்ச காலம் பின்னால் நடந்தது. யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ரயில் ரயிலாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

செல்லத்துரை பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகள் இருக்கும் தெருவில் அவன் வீடு. விமானப் படையில் சேர்ந்து, அஸ்ஸாம் பக்கம் ஒரு தளத்தில் மெக்கானிக்காக இருந்தான். அங்கே ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குச் சின்ன விமானங்கள் செய்து பறக்கவிடுவது பொழுதுபோக்கு. ஊருக்குக் கப்பலேறும்போது தன் எஞ்சினை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் பெரிய எஞ்சினில் உள்ளதெல்லாம் அதிலும் உண்டு. சிலிண்டர், பிஸ்டன், முன்னால் மரத்தில் செதுக்கிய விசிறி. டார்ச் செல்லிலிருந்து கம்பிச் சுருளான காயிலுக்கு ஓடும் ஒரு ஒயர். தலையில் ஒரு பிளக். பெட்ரோல் ஆவிக்குப் பொறி வைப்பது அந்தப் பிளக்தான். பொறி இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

விமானத்தைச் செல்லத்துரை மூங்கில் சீவலிலும் பட்டக் காகிதத்திலும் கட்டினான். இறக்கை ஒடிந்தால் கட்டிக்கொள்ளலாம். பிளக் போனால் எங்கே போவது? பஸ் எஞ்சின் பிளக் கட்டை விரல் பருமன். இது சுண்டு விரல் நுனி. மதுரைக்குப் போய் மோட்டார் சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பிளக்கா, மூக்குத்தித் திருகா? நகைக்கடைத் தெரு அந்தப் பக்கம்” என்று கை காட்டினார்.

ஆகவே, கையில் இருந்ததை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று

கையில் இருந்தவை மூன்று. எஞ்சினோடு வந்தது ஒன்று. மற்ற இரண்டும் அந்தச் சிப்பாயின் தகர டப்பாவில் கிடந்தவை.

எஞ்சினோடு வந்தது காக்காப்பொன் பிளக்; இங்கிலீஷில் மைக்கா. மெல்லிய காக்காப்பொன் இதழ்களை அடுக்கி உள்கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பார்க்க அழகு. குளிர்ந்திருக்கும்போது தங்கமான பிளக், சூடேறியதும் கழுத்தறுக்கும். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்துதான் கொடுக்க வேண்டும். அந்த எண்ணெய் இதழ்களுக்கிடையே ஊறிவிடும். ஊறிய பிளக்கில் பொறி வராது.

இன்னொன்று பீங்கான். வெள்ளை வெளேரென்று இருந்தது. சாக்குக்குள் நீலமாகத்தான் மின்னியது. ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் விட்டு விட்டு இருமியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டையைக் குழப்பிக்கொண்டோம். நான் ஆபீஸ் மைக்கூட்டிலிருந்து கொஞ்சம் மை எடுத்துப் போய்ப் பீங்கானில் தடவித் துடைத்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு நீலக் கோடு நின்றது. விரிசல்! பொறி முனைக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே நழுவியிருக்கிறது.

“கிளார்க்கு உத்தியோகத்துல ஒரு பிரயோசனம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றான் செல்லத்துரை. அவன் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

மூன்றாவதும் பீங்கான்தான். குட்டை, அழுக்கு நிறம். பார்த்தால் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். மையைத் தடவினோம், கோடு இல்லை. முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைச் சவர பிளேடுகளை அடுக்கி வைத்து அளந்து சரிசெய்தான். கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி நிறுத்தி, ஆறவிடாமல் உடனே விசிறியைச் சுண்ட வேண்டும். சூட்டில் ஒரே சுண்டலுக்குப் பிடித்துக்கொள்வதுதான் நம்பகமான பிளக். குட்டைப் பிளக் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டது.

“எழுதி வெச்சுக்கோ” என்றான். “எறக்கையில தப்பு வரலாம். வால்ல வரலாம். பிளக்கு பாத்து எடுக்கதுல மட்டும் இந்தச் செல்லத்துரைக்குத் தப்பு வராது. அங்க வெள்ளக்காரனே எங்கிட்டதான் காட்டிக் கேப்பான்.”

“எம்புட்டுப் பேரு கேட்டாக?” என்றாள் எஸ்தர்.

“அம்புட்டுப் பேரும்.”

“மொழி தெரியாமத் தலையாட்டியிருப்பாக.”

பெட்ரோல் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் நம் பக்கத்துப் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மேட்டில் நின்றுவிட்டால் ஏறியவர்களே இறங்கித் தள்ளுவோம். அந்தப் பஞ்சம் முழுதாகத் தீராத காலம் அது. தெரிந்த டிரைவர் ஒருவர் காலி இங்க் புட்டியில் கொஞ்சம் பிடித்துக் கொடுப்பார். “குடிச்சுராதீகப்பா” என்பார்.

ஒரு சாயங்காலம் வற்றிய கண்மாயில் அதைப் பறக்கவிட்டோம். தூரத்தில் கோயில் கோபுரம். அதற்கு மேல் எங்கள் காகித விமானம் வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஏறியது. ஊற்றிய சொட்டுப் பெட்ரோல் தீர்ந்ததும் சத்தமில்லாமல் வட்டமிட்டுப் பருத்திக் காட்டில் இறங்கியது. எஸ்தர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “அந்தக் கோயில்ல சாமி கையில வெக்க தினமும் எலையில கிளி கட்டுவாகளாம். இவுக கட்டுன கிளி பறக்குது பாருங்கண்ணே” என்றாள்.

எஸ்தரின் கணக்கு

விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விமானத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

செல்லத்துரை யுத்தத்துக்குப் போன பிறகு எஸ்தருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அவன் அதைப் பார்க்கவேயில்லை. வீட்டில் அவன் தாயார் வாதத்தில் படுத்திருந்தார். அந்த அம்மாளைத் திருப்பிப் படுக்கவைக்கவும் ஆள் வேண்டும். எஸ்தர் அவரை விட்டு ஓர் இடம் நகர முடியாது. உள்ளூரில் வேலை கிடைத்தால் செல்லத்துரை இருப்பான். இல்லையென்றால் மறுபடியும் எங்காவது வடக்கே போக வேண்டியதுதான்.

ஒரு நாள் அவள் என்னிடம் நேராகவே சொன்னாள். “அண்ணே, கால்வயித்துக் கஞ்சின்னாலும் சரி. பொறந்ததுக்கும் இவுக இல்ல, பொதைச்சதுக்கும் இவுக இல்ல. இன்னொரு தடவ ரயிலேத்தி விட எனக்குத் தெம்பில்ல. உங்க மில்லுல பாருங்க.”

மில்லில் புது எஞ்சின் வரப்போவதாகப் பேச்சு. அதற்கு ஒரு ஃபிட்டர் வேண்டும். நான் மானேஜரிடம் போய் நின்றேன். அவர் சிரித்தார். “பட்டாளத்துல இருந்து வாரவன்லாம் காகிதம் கொண்டுட்டு வாரான். காகிதத்தைப் பாத்தா முதலாளிக்குக் கொட்டாவி வரும். ஓடுறதைக் காட்டணும். ஆயுத பூஜை அன்னைக்கு முதலாளி மில்லைச் சுத்தி வருவாக. அந்தப் பொம்மை விமானத்தை மைதானத்துல வெச்சு ஓட்டிக் காட்டச் சொல்லு. பிடிச்சுப்போச்சுன்னா அங்கேயே ஆர்டர்.”

எஸ்தரிடம் சொன்னபோது அவள் உள்ளே போய் மாமியாரின் காதில் கத்திச் சொன்னாள். அந்தக் கிழவி கோணிய வாயால் ஜெபம் சொல்லத் தொடங்கியது எனக்கு வாசல்வரை கேட்டது.

பூஜை நாள்

ஆயுத பூஜையன்று மில் மில்லாகவே இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பஞ்சுத் தூசியை ஊதி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். நூல் நூற்கும் ராட்டு முதல் ஆபீஸ் மை உருளை வரை பொட்டு இல்லாத பொருள் கிடையாது.

பொட்டு வைப்பது வருஷா வருஷம் கிஷ்டம ராஜா மேஸ்திரியின் பொறுப்பு. தெலுங்கு வீட்டுக்காரர், வெள்ளை மீசை, அன்று மட்டும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார். சந்தனத்தைக் காலையிலேயே தன் கையால் அரைத்து, பன்னீர் விட்டுக் குழைத்து, பித்தளைக் கிண்ணத்தில் வைத்திருப்பார். செல்லத்துரை மேல் அவருக்கு ஒரே பிரியம். என்னைப் பார்க்க அவன் மில்லுக்கு வந்து பழகிய சில வாரத்திலேயே அவனைத் ‘தம்முடு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தம்பி என்று அர்த்தம்.

மைதானத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு விமானத்தை வைத்துவிட்டு, முதலாளியை அழைத்துவர நான் உள்ளே போனேன். முதலாளி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கும்பிட்டுவிட்டு வர நேரம் பிடித்தது.

நான் அவர் பின்னால் வெளியே வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. விமானத்தின் மூக்கில் ஒரு செவ்வந்திப் பூ. இறக்கை இரண்டிலும் பொட்டு. எஞ்சின் தலையில் கொழகொழவென்று ஒரு சந்தனத் தீற்று, அதன் நடுவில் குங்குமம். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். செல்லத்துரை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

“ஓட்டுப்பா” என்றார் முதலாளி.

செல்லத்துரை விசிறியைச் சுண்டினான். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினான். எஞ்சின் இரண்டு முறை செருமியது. கொஞ்சம் புகை வந்தது. நின்றுவிட்டது.

“சளி பிடிச்சிருக்குலே அதுக்கு” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“சுக்குத் தண்ணி குடு!”

“ஏலே, சும்மா இருங்க. வெள்ளக்காரன் எஞ்சினு. இங்கிலீசுல கூப்புடணும்.”

செல்லத்துரை புறங்கையால் எஞ்சினை ஒருமுறை துடைப்பது போலத் தடவினான். பிறகு சுண்டிக்கொண்டே இருந்தான். விசிறி விரலில் வெட்டி ரத்தம் வந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். முதலாளி நல்ல மனிதர். செத்த நேரம் பொறுத்துத்தான் பார்த்தார். பிறகு, “பூஜைக்கு நேரமாச்சு. பொறவு பாப்பம் தம்பி” என்று உள்ளே திரும்பினார்.

அந்தப் ‘பொறவு’ வரவேயில்லை.

கண்மாய்க் கரையில்

விமானத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம். கண்மாய்க் கரையில் ஆள் இல்லாத இடம் வந்ததும் செல்லத்துரை நின்றான். வேட்டி முனையைப் பெட்ரோலில் நனைத்துப் பிளக்கின் பீங்கானைத் துடைத்தான். சந்தனம் மஞ்சளாகத் துணியில் வந்தது. ஒயரை மாட்டினான். சுண்டினான்.

ஒரே சுண்டல்தான். எஞ்சின் அலறியது. கரையில் நின்ற கொக்குகள் பறந்தன.

அவன் ஒயரைப் பிடுங்கி நிறுத்தினான்.

“சந்தனம் ஈரம்லே” என்றான். “அரிசி நீளம்கூட இல்லாத பீங்கான். மேல இருக்க கம்பியையும் கீழ இருக்க இரும்பையும் சந்தனம் சேத்து வெச்சிருச்சு. பொறி உள்ள எறங்காம மேலோடயே ஓடிருச்சு.”

“உனக்கு அப்பவே தெரியுமா?”

“அவரு வெக்கும்போதே தெரியும்.”

“தொடச்சிருக்கலாமேடா!”

“யாரு? நானா?” அவன் சிரித்தான். “பூஜை அன்னைக்கு, மில்லு ஆளுக அத்தன பேரு முன்னால, ஒரு வேதக்காரன் சந்தனத்த அழிக்கணுமா? வேலை கெடக்கட்டும், நீ அந்த மில்லுல தல நிமிந்து நடப்பியா? ரெண்டு தடவ வெடிச்சுதுன்னா சூட்டுல காஞ்சிரும், காஞ்சா விட்டுரும்னு நம்புனேன். காயறதுக்குள்ள நின்னுபோச்சு. புறங்கையால தடவிப் பாத்தேன், இன்னும் அப்பிக்கிச்சு.”

“வா, திரும்பிப் போவோம். நான் சொல்றேன். நான் சொன்னா யாரு என்ன சொல்ல முடியும்?”

“நீ என் வாயா வந்து பேசுறன்னு சொல்லுவான். ‘எஞ்சின ஓட்டத் தெரியாதவன் சந்தனத்து மேல பழி போடுதான்’னு சொல்லுவான். அதவிடு. அந்த மேஸ்திரிக்குத் தெரிஞ்சா? மத்ததுக்கெல்லாம் ஒரு விரல்ல வெச்சாரு. இதுக்கு மட்டும் ரெண்டு விரல்ல அள்ளி வெச்சு, ‘தம்முடு, உனக்கு இங்கயே வேல கெடைக்கணும்’னு வேண்டிக்கிட்டாரு. பச்சத் தண்ணி குடிக்காத மனுசன்.”

அவர் பொட்டு வைத்தபோது கூட நின்றிருந்தால் நான் துடைத்திருப்பேனா? பீங்கானையும் பொறியையும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தவன்தான். மயிரிழை விரிசலை மை வைத்துக் கண்டுபிடித்தவன். சந்தனத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தனம்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த கண் அது.

மனம் கேட்காமல் மூன்றாம் நாள் மானேஜரிடம் போய், ஒருவர் பெயரையும் சொல்லாமல், அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். மதுரையிலிருந்து ஓர் ஆளை எடுத்தாகிவிட்டது என்றார்.

மேஸ்திரி போன வருஷம் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

மதியப் பாசஞ்சர்

பெங்களூர்ப் பக்கம் விமானம் பழுது பார்க்கும் இடத்தில் செல்லத்துரைக்கு வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். தனி ஆட்களுக்கு மட்டும் தங்க இடம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடி ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. மாமியாரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எஸ்தர் வந்திருந்தாள். சாம்பல் நிறச் சேலை. கையில் அவனுக்குக் கட்டிய புளிச்சோறு. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது மேஸ்திரி வந்தார். யாரும் சொல்லியனுப்பவில்லை. ராஜபாளையத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்திருந்தார்.

“தம்முடு, எனக்கு மனசே ஆறல” என்றார். “எம்புட்டு வேண்டிக்கிட்டேன். அன்னைக்கு ஏன்ப்பா அது ஓடல?”

எஸ்தர் தலையைத் தூக்கினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு கணம் பட்டது. திறந்தால் நல்லது என்றும் பட்டது.

“பிளக்கு சரியில்லண்ணே” என்றான் செல்லத்துரை. “நான் பாத்து எடுத்ததுதான். சரியாப் பாக்கத் தெரியல.”

மேஸ்திரி அவன் தோளைத் தட்டினார். “போகட்டும். அடுத்த தடவ நல்ல பிளக்கா பாத்து வாங்கு.”

“சரிண்ணே.”

வண்டி வந்தது. ஏறினான். ஜன்னல் வழியே எஸ்தரின் கையைப் பிடிக்கப் போனான். பெரியவர் நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான். வண்டி நகர்ந்தபோது மேஸ்திரி கண்ணைத் துடைத்தார். எஸ்தர் அழவில்லை.

மேஸ்திரி ராஜபாளையத்துக்குப் பஸ் பிடிக்கப் போன பிறகு அவள் சொன்னாள்: “ஊரு பூராத்துக்கும் நல்லவுக, அண்ணே. அந்தப் பெரியவருக்கு நல்லவுக. உங்களுக்கு நல்லவுக.” மேலே சொல்லவில்லை.

உச்சி வெயில். ஒரு குதிரை வண்டி நின்றிருந்தது. “ஏறிக்கோம்மா, வண்டிக்காரன்கிட்ட நான் சொல்றேன்” என்றேன்.

“வேண்டாம்ணே. நடந்தே போறேன்.”

“இந்த வெயிலுலயா? தூரம் கெடக்கே.”

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“வண்டியில போனா வீடு வெரசா வந்துரும்.”